உயிரினம் ஏதும் உண்டா

நாலாயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரம்.
மூச்சு விடவே வரிசையில் நிற்க வேண்டியிருந்தது.
பொலிவியா முடிந்து சிலி தொடங்கும் இடத்தில்
ஒரு தகரக் கொட்டகை, ஒரு மேசை, ஒரு தராசு,
சுங்கரா ஏரியைத் தடவிக்கொண்டு வரும் காற்று.
நாங்கள் ஓருரோவின் வாத்தியக் குழு, பதினான்கு பேர்.
அரிக்காவில் மீன் வியாபாரி ஒருவர் வீட்டுக் கல்யாணம்.

வேளாண் சோதனை அதிகாரி படிவத்தை நீட்டினாள்.
சட்டைப் பையின்மேல் பெயர்: ஓயார்சூன்.
விதை உண்டா. பாலாடைக்கட்டி உண்டா.
உயிரினம், அல்லது உயிரினத்தின் பாகம், ஏதும் உண்டா.

"உண்டு" என்றான் டிராம்போன் வில்மர்.
அவன் வாயில் வாத்தியம் இல்லாதபோது
வம்புதான் இருக்கும்.
"இதோ, பூநாரை."
உறையைத் திறந்து
கழுத்தை நீட்டி மடக்கிக் காட்டினான்.
ஏரியில் ஒற்றைக் காலில் நின்றவற்றுள் இரண்டு
சத்தியமாகத் திரும்பிப் பார்த்தன.

அவள் சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்தாள்.
"எத்தனை?"
"மூன்று."
"இரை?"
"காற்று. கல்யாண வீடென்றால் கொஞ்சம் பீர்."
எழுதிக்கொண்டாள்.

அப்புறம் யாரைப் பிடித்து நிறுத்த?

கிளாரினெட்டை மரவட்டை என்றாள் நைடா,
கால்கள் மட்டும் வெள்ளி.
தாளத் தட்டுகள் சிறகொட்டித் தூங்கும் அந்துப்பூச்சி,
தட்டி எழுப்பினால் தெருவே எழுந்துவிடும்.
அக்கார்டியன் ஒரு கம்பளிப்புழு,
இரவெல்லாம் நடந்தும் மடியைத் தாண்டாதது.
மூங்கில் குழல்களை ஆளுக்குப் பாதியாக வைத்திருக்கும்
மாமானி சகோதரர்கள்
தங்களையே இரண்டு தவளைகள் என்று அறிவித்தார்கள்:
ஒருவன் கேட்பான், மற்றவன் சொல்வான்,
ஒருவனுக்கு ஜலதோஷம் வந்தால்
பாட்டுக்குப் பாதி உடம்பு சரியில்லை.

"இது?"
பெரிய முரசைப் பேனாவால் தட்டினாள்.
"நிறைமாதக் கடல்சிங்கம், அம்மா."
"குட்டி எப்போது?"
"எங்கே அடித்தாலும் அப்போதே."

என் முறை. தோளைச் சுற்றிய பித்தளைக் குழாயை
நத்தை என்றேன்.
ஆழம் பார்க்காமல் காலை விட்டது அங்கேதான்.
"நத்தை தன் கூட்டுக்குள் இருக்கும்.
இந்தக் கூட்டுக்குள் இருப்பது யார்?"
என் பாஸ்போர்ட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு எழுதினாள்:
நத்தை, ஒன்று. பெயர் ஃபவுஸ்டினோ.

பதின்மூன்று பேரும் சிரித்து முடிக்கும்வரை
செலெடோனியோ தன் பையைத் திறக்கவில்லை.

அவள்தான் திறந்தாள். பழைய சாரங்கோ.
முதுகில் அடுக்கடுக்காய் ஓடு,
ஓட்டின் இடுக்கில் முரட்டு முடி,
ஒடிந்துபோன ஒரு காது.

"இது எதைப் போல?"

"எதைப் போலவும் இல்லை" என்றான்.
"இது அதுவேதான். ஆர்மடில்லோ.
மணலில் ஓடிக்கொண்டிருந்தது."

காற்று பத்துத் தந்திகளுக்குள்ளும் போய்வந்தது.
வில்மர் தன் பூநாரையை மெல்ல உறைக்குள் வைத்தான்.

சட்டம் சட்டம்தான். திரும்பி வரும்வரை
அலமாரியில் இருக்கும், ரசீது உண்டு என்றாள்.
அங்கே ஏற்கெனவே இரண்டு மாம்பழம்,
யாருடையதோ ஒரு பாலாடைக்கட்டி.
"இரை?" என்று கேட்டாள்,
இந்த முறை தாழ்ந்த குரலில்.
"வேண்டாம். குளிர் தாங்காது.
தந்திகளைக் கொஞ்சம் தளர்த்தி விடுங்கள்."

கல்யாணத்தில் சாரங்கோ தனியாக வரும் இடம் வந்தபோது
யாரும் சொல்லாமலே எல்லோரும் நிறுத்தினோம்.
எட்டு மாத்திரை.
மணப்பெண் ஒரு காலைத் தூக்கியபடி நின்றாள்.
பாட்டை மறந்துவிட்டோம் என்று பேசிக்கொண்டார்களாம்,
கூலியிலும் கொஞ்சம் பிடித்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை அவளுக்கு விடுப்பு.
வேறொருவன் அலமாரியைத் திறந்து கொடுத்தான்.
மாம்பழத்தைக் காணோம்.
சாரங்கோவைச் சுற்றி
ஒரு சாம்பல் நிறக் கழுத்துத் துணி.
ரசீதில் 'நிலை' என்ற கட்டத்துக்குள்
சின்ன எழுத்தில், நெருக்கி:

சாது. சனி இரவு, மூன்று மணிக்கு,
யாரும் தொடாமல், ஒருமுறை முனகியது.